அசையாமல் உட்காருகிறவருக்கு ஒரு விளக்கு

அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, நிற்காமல் போகிற பேருந்தை மறிப்பதுபோல் இரண்டு ஆட்டு ஆட்டுவார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்கள். மனைவி அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். அங்கேயும் குனிந்து படிக்கும்போது கை தானாக மேலே போய்விடும். ஏதோ சந்தேகம் கேட்கிறாள் என்று ஆரம்பத்தில் மேலாளர் எழுந்து வருவார், இப்போது வருவதில்லை. மகள் பாடு இன்னும் மோசம். வகுப்பில் கை தூக்கித் தொலைத்து, விடை தெரியாத கேள்விக்கெல்லாம் எழுந்து நின்று விழித்திருக்கிறாள்.

எல்லாம் கழட்டி செய்த வேலை.

கழட்டி என்பது வீட்டுக்காரனுக்குச் சகலை வைத்த பெயர். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு மிக்ஸியைச் சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்தவன், அதை ஒரு செய்தித்தாள் முழுக்கப் பரப்பிவிட்டு, பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த மேசை விசிறியின் சத்தம் சரியில்லை என்று அதையும் பிரித்துவிட்டான். “சகலை கழட்டுறதைப் பாத்திருக்கேன், மாட்டுறதைத்தான் பாத்ததில்ல” என்று அந்த மூத்த சகலை சொல்ல, பெயர் ஒட்டிக்கொண்டது. பிழைப்புக்கு அவன் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறான். முகம் தெரியாத வாய்களுக்கு மெழுகில் ஈறு செதுக்கி, பல் பதித்துக் கொடுக்கிறவன். அங்கே மருத்துவர் அனுப்பிய அளவில் மயிரிழைகூட அவன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பகலெல்லாம் அடக்கி வைத்த கை, வீட்டு வாசல்படி ஏறியதும் திருப்புளியைத் தேடும்.

வீட்டில் சுவிட்சே கிடையாது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஓட்டைகளை வெள்ளைத் தகடால் மூடிவிட்டான். அதற்குப் பதில் அறை மூலைகளில் கூரையை ஒட்டிக் குட்டிக் குட்டி சென்சார் கண்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் அந்தக் கண்ணுக்குத் தெரியும், விளக்கு எரியும். ஆள் அசையாவிட்டால் அறை காலி என்று கண் முடிவு செய்துவிடும். குளியலறையில் தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் யோசனையில் நின்றால் போச்சு, இருட்டு. கையாட்டும் பழக்கம் வந்த கதை இதுதான்.

இதில் எதுவும் முடிந்த வேலை இல்லை. ஒரு கண்ணுக்கு மூடி இருக்காது, இன்னொன்றில் ஒயர் வால்போல் தொங்கும். முடிக்கப் போகிற நேரத்தில் அவனுக்கு அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்துவிடும். “மூடியாவது போடுங்க” என்பாள் மனைவி. “நாளைக்கு” என்பான். அந்த வீட்டில் அதிகம் புழங்கிய இரண்டு வாசகங்கள் இவை.

இந்த வீட்டுக்குத்தான் மாமனார் வந்து சேர்ந்தார். முழங்கால் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. தனியாக இருக்க வேண்டாம் என்று இளைய மகள் பிடிவாதமாகக் கூட்டிவந்துவிட்டாள். அவர் அருங்காட்சியகத்தில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். உத்தியோக காலம் முழுவதும் பழைய ஓவியங்கள் இருந்த கூடத்தின் மூலையில், ஒரு மர நாற்காலியில், பார்க்க வருகிறவர்களுக்குத் தொந்தரவாக இல்லாமல் உட்கார்ந்திருந்தவர். சில சமயம் அவரையும் காட்சிப் பொருள் என்று நினைத்துக் குழந்தைகள் தொட்டுப் பார்த்திருக்கின்றன. அவரைப்போல் அசையாமல் உட்கார இன்னொருவரால் முடியாது. கண் மட்டும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வந்த அன்று மாலை மனைவி அச்சகத்திலிருந்து திரும்பியபோது கூடம் கும்மிருட்டாகக் கிடந்தது. அவள் உள்ளே கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. நாற்காலியில் மடியில் கை கோத்தபடி இருந்த அப்பா, அவளைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“இருட்டுல ஏம்பா உக்காந்திருக்கீங்க?”

“விளக்கு தானா அணைஞ்சுதும்மா. உங்க வீட்டு வழக்கம் போலிருக்குன்னு இருந்துட்டேன்.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. கையாட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். அவரும் சரி என்றார். ஆனால் ஆளில்லாத அறையில் கையாட்ட அவருக்குக் கூச்சமாக இருந்தது. மறுநாளும் இருட்டு, அதற்கு மறுநாளும் இருட்டு. மனைவி கத்தவில்லை. கழட்டியைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, குரலை இறக்கிக்கொண்டு பேசினாள். அக்கா வீடு ஊரின் அந்தப் பக்கம், படி ஏற வேண்டாத தரைத்தளம், அப்பாவை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை அத்தான் கார் எடுத்துக்கொண்டு வருகிறார், அதற்குள் அப்பா இருக்கிற அறையாவது மனிதர் இருக்கிற அறையாக வேண்டும்.

“இல்லைன்னா அவர் கிளம்பட்டும். என் வீட்ல எங்கப்பாவை மேசை நாற்காலியோட சேத்து எண்ண வேண்டாம்.”

கழட்டிக்குக் கவலை இரண்டு பக்கம். மனைவி வருத்தப்படுகிறாள் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவன் திருப்புளியைக் கையில் எடுத்தால் மகளுக்கு வீட்டுப்பாடம் ஞாபகம் வரும், மனைவிக்கு அடுப்பு ஞாபகம் வரும். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் அக்கம்பக்கத்தார்கூட லிஃப்டுக்காகக் காத்திராமல் படியில் இறங்கிப் போய்விடுவார்கள். மாமனார் ஒருவர்தான் உட்கார்ந்து பார்த்தார். எப்போது முடியும் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இடையில் ஒரு திருகாணி உருண்டு ஓடினால், “இடது பக்கம், சோபா கால்கிட்ட” என்று அமைதியாகச் சொல்வார். இத்தனை வருஷத்தில் அவனுக்குக் கிடைத்த முதல் பார்வையாளர். அவரையும் சகலை காரில் ஏற்றிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தபோது, மெழுகு ஈறில் ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி வைத்துவிட்டான். பல் கூடத்தில் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. முதலில் விளக்கு அணைகிற அவகாசத்தைக் கூட்டிப் பார்த்தான். மாமனார் அதையும் தாண்டி அசையாமல் உட்கார்ந்தார். கண்ணுக்கு எதிரே ஒரு காகித நாடாவைத் தொங்கவிட்டான், அது ஆடினால் போதுமே என்று. அந்தக் கண்ணுக்கு உடம்புச் சூடு வேண்டும்; காகிதத்தை அது சட்டை செய்யவில்லை. கண்ணைக் கழட்டி, இறக்கி, அவர் முகத்துக்கு நேராக மாட்டினான். நாளெல்லாம் அது தன்னை முறைக்கிறது என்று மாமனார் மெதுவாகச் சொன்னார். “நான் மத்தவங்களைப் பாத்தே பழகினவன் மாப்பிள்ளை. என்னைப் பாக்க ஆள் வச்சா ஒரு மாதிரி இருக்கு.” மறுபடி கழட்டினான். சாப்பிடும்போது தட்டில் விரலால் ஒயர் போகும் வழி வரைந்தான். பல் கூடத்தில் உச்சந்தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

சனிக்கிழமை பொறி தட்டியது. அசைவை ஏன் பார்க்க வேண்டும்? எடையைப் பார்த்தால் போதாதா? நாற்காலி மெத்தைக்கு அடியில் ஒரு தட்டையான பட்டையை வைத்தான். ஆள் உட்கார்ந்தால் விளக்கு எரியும், உட்கார்ந்திருக்கும் வரை எரியும், எழுந்தால் அணையும். மெத்தையும் கண்ணும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கக் கூடாதே என்று கூடத்திலிருந்த கண்ணைக் கழட்டி எடுத்துவிட்டான். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். மாமனார் உட்கார்ந்தார், கூடம் பளிச்சென்றது. கை கோத்து, கண்ணிமைகூட ஆடாமல் அவர் உட்கார்ந்திருக்க, எதிரே தரையில் சம்மணமிட்டுக் கழட்டி பார்த்துக்கொண்டே இருந்தான். விளக்கு அணையவே இல்லை. அவனுக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது.

ஆனால் ஒன்றை அவன் யோசிக்கவில்லை. மாமனார் உட்கார்ந்தே இருந்தது, யாரும் உள்ளே வராததால்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சகலை வந்தார். அந்தி சாய்ந்ததும் திரைச்சீலைகள் தானாக மூடிக்கொள்ளும். அதுவும் கழட்டி செய்த ஏற்பாடுதான். கூடத்தில் விளக்கு ஜோராக எரிந்தது, சுவரோர நாற்காலியில் மாமனார். மனைவியின் முகத்தில்கூடக் கொஞ்சம் தெளிவு. சகலை கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே காலெடுத்து வைத்தார்.

மாமனார் எழுந்து நின்றார்.

அருங்காட்சியகத்தில் அதுதான் முறை. கூடத்துக்குள் ஆள் நுழைந்தால் காவலர் எழுந்து நின்றுவிட்டுத்தான் மறுபடி உட்கார வேண்டும். வேலை முடிந்தாலும் அது காலிலிருந்து போகவில்லை. நின்றதும் விளக்கு அணைந்தது.

“என்ன சகலை, வரவேற்பா?” என்று இருட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மாமனார் பதறி உட்கார்ந்தார், விளக்கு வந்தது. சகலையைப் பார்த்ததும் மரியாதைக்கு மறுபடி எழுந்தார், அணைந்தது. உள்ளறையிலிருந்து மகள் ஓடிவந்தாள், அவளுக்காகவும் நின்றார். உட்காருவதும் எழுவதுமாகக் கூடம் மின்னி மின்னி அணைந்தது. எல்லோரும் பழக்க தோஷத்தில் இருட்டில் கையைத் தூக்கி ஆட்டினார்கள். ஆட்டி என்ன பயன்? பார்க்க வேண்டிய கண் கழட்டியின் சட்டைப்பையில் கிடந்தது. சகலை விழுந்து விழுந்து சிரித்தார்.

கடைசித் தடவை எழுந்தபோது மாமனாரின் முழங்கால் மடங்கியது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கழட்டி கைபேசியை எடுத்து வெளிச்சம் அடித்தான். அப்போதுதான் பார்த்தான்: ஒரு கை சுவரில் ஊன்றியிருக்க, இன்னொரு கை வெள்ளைத் தகட்டின் மேல் தடவித் தடவி எதையோ தேடிக்கொண்டிருந்தது. மேலே, கீழே, ஓரத்தில். அவர் சுவிட்சைத் தேடினார். வந்த நாளிலிருந்து ஒவ்வொரு தடவை இருட்டியபோதும் இந்தக் கை இதைத்தான் தேடியிருக்க வேண்டும். தகடு அந்த இடத்தில் மட்டும் மங்கி, விரல் தடம் படிந்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. மனைவி அப்பாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள். விளக்கு எரிந்தது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

“மாமாவோட பைய எடுத்து வைக்கட்டுமா?” என்று சகலை கேட்டார். கேலி இல்லாமல்தான் கேட்டார்.

கழட்டி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். பரணிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை இறக்கிக் கவிழ்த்தான். கழட்டிய சுவிட்சுகள் எல்லாம் அதில் கிடந்தன. நல்லதாக ஒன்றைப் பொறுக்கினான். மெயினை அணைத்ததும் வீடு மொத்தமும் இருண்டது. கைபேசி டார்ச்சை யாரிடம் கொடுப்பது என்று திரும்பியவன், மாமனாரிடமே நீட்டினான். அவர் உட்கார்ந்தபடியே பிடித்தார். தகட்டைக் கழட்டி, மெத்தைப் பட்டையின் இணைப்பை நீக்கி, ஒயரை இழுத்து, சீவி, முறுக்கி, திருகி முடிக்கும் வரைக்கும் அந்த வெளிச்ச வட்டம் இம்மி அசையவில்லை. மகள் பிடித்தால் வட்டம் கூரைக்குப் போகும், மனைவி பிடித்தால் அவன் முகத்துக்கு வரும். இவ்வளவு நிம்மதியாக அவன் ஒரு வேலையும் செய்ததில்லை. புது யோசனை எதுவும்கூட வரவில்லை.

மெயினைப் போட்டான். “மாமா, நீங்க போடுங்க.”

மாமனார் கையை நீட்டினார். டக். எரிந்தது. டக். அணைந்தது. மறுபடி டக். எரிந்தது. அவர் எழுந்து நின்றார். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

சகலை சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு, “அப்போ கிளம்பலாமா மாமா? உங்க பொண்ணு காத்திட்டிருப்பா” என்றார்.

மாமனார் சுவரைப் பார்த்தார். சுவிட்ச் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அதைச் சுற்றி மாட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டிக் சட்டம் இன்னும் போடவில்லை. கரண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது அழகுக்கு, சுண்ணாம்பு உதிர்ந்த ஓரத்தை மறைக்க.

“மாப்பிள்ளை இன்னும் மூடி போடலையே,” என்றார் மாமனார். “ஒரு வேலைய ஆரம்பத்துல இருந்து பாத்தாச்சு. முடியறதையும் பாத்துட்டு வர்றேன்னு சொல்லுங்க.”

சகலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். “இவர் மூடி போட்டு முடிச்சு நீங்க வர்றதா? சரிதான். அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?” என்றபடி சாவியைப் பையில் போட்டுக்கொண்டு டீ கேட்டார்.

கழட்டிக்குக் காது சூடாகிவிட்டது. எல்லோர் எதிரிலும் இதையாவது முடித்துக் காட்டிவிட வேண்டும். மேசைமேல் வைத்த சட்டத்தைத் தேடினான். காணோம். அட்டைப்பெட்டியில் கையை விட்டுத் துழாவினான். சோபாவுக்கு அடியில் குனிந்தான். இப்போதுதானே இங்கே வைத்தேன் என்று முனகிக்கொண்டே மாமனாரை ஏறிட்டான். எது எங்கே உருண்டாலும் பார்த்துச் சொல்கிற மனிதர், இந்த ஒரு தடவை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சமையலறையில் ஒரு இழுப்பறை மூடுகிற சத்தம் கேட்டது. மனைவி டீத் தட்டோடு வெளியே வந்தாள். தரையில் தவழ்ந்துகொண்டிருந்தவனைத் தாண்டிப் போய் அப்பாவின் கையில் முதல் கோப்பையைக் கொடுத்தாள்.

“விடுங்க,” என்றாள். “நாளைக்குத் தேடிக்கலாம்.”