முப்பதாம் தேதிக்குள்

அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வந்த முதல் நாளே ‘பயிற்சி’ என்று வைத்துவிட்டார்கள். “பயிற்சி, சாப்பிட்டியா?”, “பயிற்சி, அந்தக் கதவைச் சாத்தும்மா” என்று எல்லாம் அன்பாகத்தான். இதழியல் படிக்கிற பெண்ணுக்கு ஒரு நாளிதழில் மூன்று மாதப் பயிற்சி. கழுத்தில் அடையாள அட்டை, பையில் புது நோட்டு, வாய் நிறையக் கேள்விகள் என்று வந்து இறங்கியவளை மூன்றாவது மாடியில், திறக்கவே முடியாத கண்ணாடி ஜன்னல் ஓரமாக, ஆணியடித்த மாதிரி உட்கார வைத்துவிட்டார்கள். செய்தி கீழே தெருவில் போய்க்கொண்டிருந்தது. இவள் மேலே உட்கார்ந்து அதன் மண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கல்லூரி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. பயிற்சி முடிகிற மாதம் முப்பதாம் தேதிக்குள், அதே பத்திரிகையில், அவள் பெயர் போட்டு ஒரு கட்டுரையாவது அச்சுக்குப் போயிருக்க வேண்டும். போகாவிட்டால் மூன்று மாதமும் திரும்ப முதலிலிருந்து. கூடப் படித்தவர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போவதை வேடிக்கை பார்க்கலாம். பத்திரிகை வைத்த விதியும் ஒன்றே ஒன்று. அரைப் பக்கத்துக்குக் குறைந்த எதற்கும் பெயர் போடுவதில்லை. அவள் கையில் வந்ததெல்லாம் நாலு வரிச் சமாச்சாரம். குழாய் உடைந்தது, பாலம் மூடப்பட்டது, பாலம் திறக்கப்பட்டது. “வெளியே அனுப்புங்க சார்” என்று செய்தி ஆசிரியரிடம் எட்டுத் தடவை கேட்டாள். “அனுப்பலாம் அனுப்பலாம்” என்று எட்டுத் தடவையும் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் தொல்லையே. கெட்டவராயிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வீட்டில் வேறு கூத்து. அப்பா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடிந்ததும் பத்திரிகையை வாங்கி, வேன் ஸ்டியரிங்கின் மேல் விரித்து, முதல் பக்கத்திலிருந்து வரி விளம்பரம் வரைக்கும் விரல் வைத்துத் தேடுவார். “இன்னைக்கும் உன் பேரைக் காணோமேம்மா” என்பார், ஏதோ அச்சடித்தவன் மறந்துவிட்ட மாதிரி. அம்மாவோ சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் மகள் பத்திரிகையில் எழுதுகிறாள் என்று தம்பட்டம் அடித்தாகிவிட்டது. அலுவலகம் போனாலும் மூச்சு முட்டியது, வீட்டுக்கு வந்தாலும் மூச்சு முட்டியது. நடுவில் பேருந்தில் நின்றுகொண்டு வருகிற நாற்பது நிமிடம்தான் அவளுக்கென்று இருந்தது.

ஆறாவது வாரம் செய்தி ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுக் கணினியில் ஒரு கோப்பைத் திறந்து காட்டினார். பெயர் ‘தயார்’. உள்ளே நாற்பத்தொரு பேர். எல்லாரும் ஊரறிந்தவர்கள், எல்லாரும் வயதானவர்கள், எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். அத்தனை பேருக்கும் இரங்கல் கட்டுரை எழுதி வைத்திருந்தார்கள். இறந்த பிறகு உட்கார்ந்து எழுத நேரம் ஏது?

“அரைப் பக்கம் அரைப் பக்கம்னு கேட்டியே, இதோ. பாதி பழசாயிடுச்சு. ஃபோன் போட்டு விசாரிச்சுப் புதுசா எழுது. உன் பேரும் போடறேன்.”

அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “எப்ப சார் வரும்?”

“அவங்க போனதும்.”

“அவங்ககிட்ட என்னன்னு சொல்லிக் கேக்கறது?”

“சிறப்பு மலருக்காகன்னு சொல்லு. இங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுவோம்.”

முதல் ஆளுக்கு அந்தப் பொய்யைச் சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்தாவது ஆளுக்குச் சொன்னபோது தண்ணீர் குடித்த மாதிரி இறங்கியது. கேட்க வேண்டிய கேள்விகளை ஒரு தாளில் அடித்துக் கொடுத்திருந்தார்கள். பிறந்த தேதி, பிள்ளைகள் எத்தனை பேர், யார் யார் எங்கே இருக்கிறார்கள், அவர்கள் ஃபோன் எண் என்ன, உடம்பு எப்படி இருக்கிறது. கடைசிக் கேள்வியைக் கேட்டவுடன் எல்லாரும் உருகிப்போவார்கள். இந்தக் காலத்தில் உடம்பை விசாரிக்கிற பிள்ளை யார் இருக்கிறார்கள்?

பதினேழாவது ஆள் ஒரு காலத்துக் கால்பந்துக் கோல்கீப்பர். ‘சுவர்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். எழுபத்தொன்பது வயது. ஃபோனிலெல்லாம் சொல்ல முடியாது, நேரில் வா என்றார். செய்தி ஆசிரியர் ஏதோ நல்ல மனநிலையில் இருந்தார் போல, அனுப்பிவிட்டார். மகளோடு குடியிருந்த சின்ன வீடு. அங்கே கோப்பை இல்லை, பதக்கம் இல்லை. எல்லாவற்றையும் பேரப்பிள்ளைகள் விளையாடித் தொலைத்துவிட்டார்களாம். கோணிப்போன நடுவிரலை மட்டும் நீட்டிக் காட்டினார்.

“இறுதி ஆட்டத்துல ஒடைஞ்சது. அதுக்கப்புறம் ரெண்டு பெனால்டி புடிச்சேன். மூணாவதையும் புடிச்சிருக்கலாம். பயந்துட்டேன்மா. பந்து வர்ற பக்கம் தெரிஞ்சுது, விரல் வலிக்குமேன்னு மறுபக்கம் விழுந்தேன். இதை எவன்கிட்டயும் சொன்னதில்ல. எழுதிக்கோ.”

நாலு மணி நேரம் பேசினார். அவள் அன்றிரவே எழுதி முடித்தாள். பொய் சொல்வானேன், அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் நல்ல எழுத்து அதுதான். அவளுக்கே தெரிந்தது.

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு ஃபோன். “மலர் வந்துடுச்சாம்மா? பேப்பர்காரர்கிட்ட ரெண்டு காப்பி சொல்லி வெச்சிருக்கேன்.” சீக்கிரம் வரும் சார் என்பாள். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைக்கும்.

செய்தி ஆசிரியரிடம் போய் நின்றாள். “சார், இதை இப்பவே போட்டுடலாமே. நல்லா வந்திருக்கு. அவரும் படிப்பாரு.”

“நல்லா வந்ததாலதாம்மா வெச்சிருக்கேன். இப்பவே போட்டுட்டா அன்னைக்கு எதைப் போடறது? ஒரு ஆளுக்கு ஒரு தடவைதான் அரைப் பக்கம்.”

திரும்பி வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கடைசி மாதம் இருபத்தாறாம் தேதி காலை பத்து மணி ஃபோன் வரவில்லை. ஏன் என்று மத்தியானம் தெரிந்தது. “சுவர் ஆஸ்பத்திரியில இருக்காராம், மூச்சுத் திணறலாம். உன் கட்டுரை ரெடிதானே?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போனார் செய்தி ஆசிரியர். பக்கம் வடிவமைக்கிற அக்கா சாயங்காலத்துக்குள் பக்கத்தைக் கட்டிவிட்டாள். பாய்ந்து பந்தைப் பிடிக்கிற பழைய படம், பெரிய தலைப்பு, கீழே கொட்டை எழுத்தில் அவள் பெயர்.

“இங்க பாரு பயிற்சி, உன் பேரு எவ்வளவு எடுப்பா இருக்கு.”

எடுப்பாகத்தான் இருந்தது. அப்பாவின் விரல் அந்த எழுத்துமேல் வந்து நிற்பதுகூட அவள் கண்ணில் தெரிந்தது. அப்புறம் மேலே இருந்த படத்தைப் பார்த்தாள். கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மறுநாள் யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூக்கில் குழாயோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள்.

“மலரா?” என்றார், அவள் கையைப் பார்த்து. கை வெறும் கை.

“மலரெல்லாம் ஒண்ணும் இல்ல சார். பொய். நான் எழுதினது…” “நீங்க போனாத்தான் சார் அது வரும்.”

கிழவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. தன் பயிற்சி, கல்லூரி, அரைப் பக்கம் எல்லாவற்றையும் அவளாகவே கொட்டித் தீர்த்தாள். கேட்காத மன்னிப்பையெல்லாம் கேட்டாள்.

“நல்லா எழுதியிருக்கியா?” என்றார் கடைசியில்.

“எழுதியிருக்கேன் சார்.”

“மூணாவது பெனால்டியும் இருக்கா?”

“இருக்கு.”

தலையாட்டிக்கொண்டார். “உனக்கு எந்தத் தேதிக்குள்ள வேணும்?”

அவள் திருதிருவென்று விழித்தாள். “முப்பது” என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வாயில் சூடு போடலாம் போலிருந்தது.

“இன்னைக்கு இருபத்தேழு” என்று விரல் மடக்கினார், கோணல் விரலையும் சேர்த்து. “பாப்போம்மா.” அவர் உதட்டில் சிரிப்பு இருந்தது. அது கிண்டலா, கோபமா, ஒன்றும் பிடிபடவில்லை. மகள் வந்துவிட்டாள். இவள் எழுந்து வந்துவிட்டாள்.

இருபத்தெட்டு, இருபத்தொன்பது இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டாள். வேண்டி முடிப்பதற்குள் கண் நாட்காட்டிக்குப் போய்விடும். தன்னை நினைத்தாலே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. எங்கே ஃபோன் அடித்தாலும் தூக்கிவாரிப் போட்டது.

முப்பதாம் தேதி காலை பத்து மணி. அடித்தது அவளுடைய ஃபோன். திரையில் அவர் எண் இல்லை, மகளின் எண்.

அந்த ஒரு நொடி அவள் மனசு துள்ளியது. ஆமாம், துள்ளியது. வேறு வார்த்தை போட்டு மழுப்ப வேண்டாம்.

“ஹலோ” என்றாள்.

“நான்தாம்மா” என்றது கிழவரின் குரல், கொஞ்சம் கரகரப்பாக. “மன்னிச்சுக்கோ. முடியல. மத்தியானம் வீட்டுக்கு அனுப்பறாங்க.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நெஜமாத்தாம்மா. உனக்கு இன்னொரு மூணு மாசம் போயிடுமேன்னு நெனச்சேன். ஆனா நேத்து சாயங்காலம் பேத்தி வந்து மடியில உக்காந்தாளா, பயமாப் போச்சு.”

“ஐயோ சார், நல்லா இருங்க சார். நல்லா இருங்க” என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். அவர் வைத்த பிறகும் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

கண்ணாடி அறையிலிருந்து செய்தி ஆசிரியர் எட்டிப் பார்த்தார். “யாரு, சுவர் வீட்டுலேர்ந்தா? போயிட்டாரா?”

“இல்ல சார். வீட்டுக்குப் போறாராம்.”

“சே” என்றார் அவர். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, “நல்லதும்மா, நல்லது” என்று உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவர்மேல் கோபப்பட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. கோபம் வரவில்லை. அவர் வாய்விட்டுச் சொன்னார், அவள் சொல்லவில்லை, அவ்வளவுதான். மேசை இழுப்பறையிலிருந்து நீட்டிப்புப் படிவத்தை எடுத்து, இன்னும் மூன்று மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பிறகு ‘தயார்’ கோப்பைத் திறந்து பதினெட்டாவது ஆளின் எண்ணைத் தேடினாள்.