கோட் கேட்ட ஸ்டீரியோ

போன வாரம் திருப்பதியில் ஒரு கடை வாசலில், பிளாஸ்டிக் ஸ்டூலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பழைய காரின் ஸ்டீரியோவைக் கழற்றிவிட்டு வழி சொல்லும் திரை ஒன்றை மாட்ட வேண்டுமாம், மகளின் உத்தரவு. முப்பது வருடமாகச் சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய்வருகிறவனுக்கு வழி எதற்கு? கேட்டால் வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள்! கடைக்காரர் ஒரு ஸ்குரூவைக் கழற்றுவார், போன் வரும், தெலுங்கும் தமிழுமாகப் பேசி முடித்து வேறொரு காருக்குள் தலையை விட்டுவிடுவார். எனக்கு எரிச்சல் தலைக்கேறிக்கொண்டிருந்தது.

அந்த ஸ்டீரியோவும் லேசுப்பட்டதல்ல. சில பழைய கார்களில், பேட்டரியை மாற்றினால் ஸ்டீரியோ தன்னை யாரோ திருடிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். ‘கோட்’ என்று கேட்கும். நான்கு எண்களை அமுக்கினால்தான் பாடும். எண் ஒரு சின்ன அட்டையில் இருக்கும். எங்கள் அட்டை தொலைந்து பதினான்கு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு பாட்டுக் கிடையாது.

ஒருவழியாகக் கடைக்காரர் முன்பக்கத்தைப் பிரித்தார். குப்பென்று மாம்பழ வாசனை வந்த மாதிரி இருந்தது. பிரமையாகவும் இருக்கலாம். பங்காருபாளையத்து மாங்காய் வியாபாரி ஒருவரிடம் வாங்கிய கார் அது. பின்சீட்டில் மனுஷர்களைவிடப் பழக்கூடைகளே அதிகம் பயணம் செய்திருக்கும். வாங்கிய கையோடு காணிப்பாக்கம் பிள்ளையார் கோவிலில் பூஜை போட்டோம். எங்கள் பக்கம் எந்த வண்டியானாலும் முதல் ஓட்டம் அங்கேதான். டயருக்கு எலுமிச்சம்பழம், ஸ்டீரிங்குக்குக் குங்குமம், பேப்பர்களுக்கும் குங்குமம். அந்த அட்டையும் சேர்ந்திருந்த பேப்பர் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தாமு.

தாமு என்னுடன் திருப்பதியில் ஒரே ஆபீசில் வேலை பார்த்தவர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தினமும் வழியில் பாகாலாவில் என் காரில் ஏறிக்கொள்வார். எனக்குப் பாட்டு வேண்டும், அவருக்குப் பேச்சு வேண்டும். ஏறி உட்கார்ந்ததும், “கொஞ்சம் கம்மி பண்ணுண்ணா, பேசணும்” என்பார். ஆபீஸ் வம்பில் ஆரம்பித்து மாமியார் வீட்டுக் கடலைக்காயில் வந்து நிற்பார். ஒருநாள் இந்தப் பெட்டியைப் பிடுங்கி சொர்ணமுகி ஆற்றில் வீசிவிடுவதாகச் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மனதில் வைத்துக்கொண்டதுதான் வினை.

பேட்டரி மாற்றிய அன்று அட்டையைத் தேடினேன். இல்லை. நேராகத் தாமுமேல் பாய்ந்தேன். பேப்பர் கட்டு அவர் கையில்தானே இருந்தது? பாட்டுப் பிடிக்காதவரும் அவர்தானே? இரண்டு நாள் குத்திக் குத்திப் பேசினேன். மூன்றாம் நாள் அவர் சொன்னார்: “நான் அத்தக் கண்ல கூட பாக்கலண்ணா. இன்னாத்துக்கு எம்மேல போட்றே? நம்பிக்கை இல்லன்னா வா, காணிப்பாக்கத்துல முழுவி சத்தியம் பண்றேன்.”

யாராக இருந்தாலும் அந்த இடத்தில் விட்டிருப்பார்கள். நான் வண்டியைத் திருப்பினேன். அங்கே குளத்தில் முழுகி, ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்துவிட்டால் அப்புறம் பேச்சில்லை. நிலத் தகராறு, திருட்டு, இப்படி எதற்கெல்லாமோ செய்வார்கள். பாட்டுப் பெட்டிக்காக ஒரு மனுஷரைச் செய்ய வைத்த பெருமை எனக்கு மட்டும்தான் உண்டு. ஆபீஸ் பேண்ட் சட்டையோடு முழுகினார். சத்தியம் செய்தார். சொட்டச் சொட்ட வெளியே வந்தவருக்கு நான் கார் கதவைத் திறந்தேன்.

“சீட் ஈரமாயிடும்ண்ணா. நீ போ, நான் பஸ்ல வந்துக்கிறேன்.”

மறுநாளிலிருந்து பாகாலாவில் ரயில் ஏறினார். ஆபீசில் பார்த்தால் சிரிப்பார். கூப்பிட்டால், ரயில்தான் சவுகரியம் என்பார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அட்டையை அவர்தான் தொலைத்தார் என்ற சந்தேகம் உள்ளே ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது. சத்தியம் செய்த பிறகும்தான். பிறகு மாற்றலாகிப் போனார். நாலு வருடம் முன்பு இறந்துவிட்டார்.

கடைக்காரர் ஸ்டீரியோவை வெளியே இழுத்தார். அதற்குப் பின்னாலிருந்து தூசியோடு ஒரு அட்டை விழுந்தது.

“சார், இதி மீதேனா?”

என்னுடையதுதான். மூலையில் குங்குமப் பொட்டு காய்ந்து கறுத்திருந்தது. அந்தப் பொட்டைப் பார்த்ததும் எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. பூஜை செய்த அட்டையைக் கால்பக்கத்துப் பெட்டியில் வைக்கலாமா என்று, கண்ணாடியோரம் இருந்த சின்னப் பிள்ளையாருக்குப் பின்னால் நானேதான் செருகினேன். அங்கே காற்று வரும் சந்தில் நழுவி உள்ளே போயிருக்கிறது. குளத்தில் முழுக வேண்டியவன் நான்.

கடைக்காரர் பேட்டரியோடு இணைத்து நான்கு எண்களையும் அமுக்கினார். பாடியது. ஒரு குறையும் இல்லை. நன்றாக இருக்கிறதே, ஏன் மாற்றுகிறீர்கள் என்று அவர் என்னையே கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் காட்ட? அதையே திரும்ப மாட்டச் சொன்னேன். மகள் திட்டிக்கொள்ளட்டும்.

சத்தமாகப் பாட விட்டுக்கொண்டு ஊர் திரும்பினேன். பாகாலா வந்ததும் என் கை தானாகப் போய்ச் சத்தத்தைக் குறைத்தது. பக்கத்து சீட் காலியாக இருந்தது.