வளையல் போட்ட கை

அண்ணாமலை நகரில் படித்தபோது, புவனகிரியில் நான் மாடியில் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரரின் மகள் அந்த அக்கா. வளைகாப்பு முடிந்து, பிரசவத்துக்காகக் கடலூரிலிருந்து அம்மா வீடு வந்திருந்தார். கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டரோ வெள்ளாற்றுக்கு அப்பால், சிதம்பரத்தில் இருந்தார். வளையல் போட்டவள் ஆறு தாண்டக்கூடாது என்று அம்மா மறித்துவிட்டதால் வைத்தியமெல்லாம் வீடியோவில்தான். சிக்னலுக்காக அக்கா மாடிக்கு வருவார். விரலில் ஊசி குத்துமுன் வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொள்வார்.

“ஃபோன் மட்டும் தெனம் ஆத்தத் தாண்டுது, தம்பி” என்பார்.

ஒருநாள் கருவி காட்டிய எண்ணைப் பார்த்த டாக்டர், “இன்சுலின் போடணும். இன்னைக்கே நேர்ல வாங்கம்மா, கொழந்தைக்கு ஆபத்து” என்றார்.

“வாயக் கட்டுனா கொறஞ்சிடும். கீழ வா” என்றார், பின்னாலேயே மாடியேறி வந்திருந்த அம்மா.

அக்கா வளையல்களைக் கழற்றப் பார்த்தார். கை வீங்கியிருந்ததால் ஒன்றுகூட வரவில்லை. மாடிச் சுவரை நோக்கிக் கையை ஓங்கினார். “வளையல் போட்டவதான தாண்டக்கூடாது? ஒடச்சிட்டுப் போறேன்.”

“அடிப்பாவி! தம்பி, ஆட்டோவக் கூப்புடுப்பா” என்று அம்மா அலறினார்.

பாலம் வந்ததும், ஆறு பார்த்துவிடும் என்பதுபோல அம்மா தன் முந்தானையால் மகளின் வளையல்களை மூடிக்கொண்டார். நான் முன்னாலிருந்து திரும்பி அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நிஜமாகவே உடைத்திருப்பாரா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.