கேளாத காதின் பக்கம்

சைக்கிள் கடையில் டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கி ஓட்டை தேடும்போது எழுகிற நனைந்த ரப்பர் வாசம். அவ்வளவுதான். மீன் வாங்கிக்கொண்டு வாவிக்கரை வீதியால் வருகிறேன், பை கனக்கிறது, வெயில் உச்சியில் நிற்கிறது, அந்த வாசம் பட்டதும் கால் நின்றுவிடுகிறது. பின்னால் வந்த ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார். எனக்குக் கேட்பது வேறு. மருத மரங்களுக்கு அடியில் ஆறு கல்லில் உராய்கிற சத்தம், அதற்கு மேலே ஒரு பூச்சிகூட இல்லாத அமைதி.

அந்தப் பயணம் என்னுடைய ஆசை. என் புருஷன் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியாது, ஞாயிற்றுக்கிழமை என்றால் கால் அரிக்கும். அவருக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில் வேலை; ஞாயிறு என்றால் சாரனும் பேப்பரும். செங்கலடிச் சந்தியில் ஒரு சுவரில் அந்த விளம்பரத்தைக் கண்டது நான்தான்: தேசியப் பூங்காவுக்குள் ரப்பர் படகில் ஆற்றுப் பயணம், வழிகாட்டியோடு, மதியச் சாப்பாட்டோடு.

"கச்சேரியில அஞ்சு நாள் கதிரை, வீட்டில ரெண்டு நாள் கதிரை. உங்களுக்கு வேர் விடப்போகுது" என்றேன்.

"விட்டா நல்லந்தானே. தண்ணி ஊத்த நீ இரிக்காய்" என்றார். ஆனால் சனிக்கிழமை இரவே தொப்பியை எடுத்து வைத்திருந்தார்.

அவருக்கு இடது காது கேட்காது. பதினேழு வயதில் பக்கத்தில் ஏதோ வெடித்தது. என்ன வெடித்தது என்று நான் கேட்டதில்லை, எங்கள் வயதுக்காரர்களிடம் அதைக் கேட்கும் வழக்கமில்லை. கலியாணமான நாளிலிருந்து நான் அவருடைய வலப்பக்கம்தான், பஸ்ஸிலும் கோயிலிலும் படுக்கையிலும். இடப்பக்கம் நின்று பேசினால் வாயசைக்கும் ஒரு படம் நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவரை நான் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. "இஞ்ச பாருங்க" என்றால் அவர் திரும்புவார். அம்மா அப்படி, மாமி அப்படி, நானும் அப்படியே பழகிவிட்டேன். படிவங்களில் அந்தப் பேரை எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் கேட்டால் அடையாள அட்டையை நீட்டியிருக்கிறேன். நாக்கு மட்டும் அதைத் தொட்டதில்லை. எங்கள் கந்தோரில் வேலை செய்கிற பிள்ளைகள் புருஷன்மாரைப் பேர் சொல்லி, அதற்கு மேலே ஒரு 'டா'வும் போட்டுக் கூப்பிடுவதை வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "நான் செத்தாலாவது பேர் சொல்லி அழுவியா புள்ள?" என்றார். கையில் இருந்த அகப்பையை ஓங்கினேன். பகிடி என்று விட்டுவிட்டேன்.

எங்களை ஏற்றிக்கொண்டு பதுளை வீதியால் வான் போனது. கடைசியில் தார் முடிந்து புழுதி வந்து, புழுதியும் முடிந்து ஆறு வந்தது. சிறுபோகத்துக்குக் குளம் திறந்திருந்ததால் தண்ணீர் ஓடியது, பால் கலக்காத வெறுந்தேத்தண்ணி நிறத்தில், அவசரமில்லாமல். ஆரஞ்சு நிற ரப்பர் படகு ஒன்று கரையில் கிடந்தது. நாங்கள் இரண்டு பேர், ஏறாவூரில் புடவைக்கடை வைத்திருக்கும் ஒருவர், கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த அவருடைய மச்சான், வழிகாட்டி. மொத்தம் ஐந்து.

வழிகாட்டிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வாகரைப் பக்கத்து ஆள். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார். படகில் ஏறுவதற்கு முன் காட்டுக் காவலுக்கென்று ஒரு பச்சைக் கொப்பை முறித்து மருத மரக் கிளையில் தொங்கப் போட்டு, எங்களையும் போடச் சொன்னார். அந்தக் கிளையில் முன்பே காய்ந்த கொப்புகள் நிறைய.

"நான் பிஸ்மி சொல்லிட்டன் தம்பி" என்றார் கடைக்காரர். "கொப்பு உங்கட ஆக்களுக்கு."

"காட்டுக்கு ஆக்கள் வித்தியாசம் தெரியாது காக்கா. பாரமில்லாத கொப்புத்தானே, போடுங்க" என்றார் வழிகாட்டி, அண்ணன் முறை வைத்து.

கடைக்காரர் போட்டார். பிறகு மிதவைச் சட்டைகளை மாட்டிவிட்டபடி வழிகாட்டி விதிகளைச் சொன்னார். சட்டையில் விசில் இருக்கிறது. 'குனி' என்றால் குனிய வேண்டும். விழுந்தால் மல்லாக்க மிதக்க வேண்டும், காலை முன்னால் நீட்டி.

"மற்றது, ஆத்தில இறங்கினா ஆரும் ஆரையும் பேர் சொல்லிக் கூப்பிடப்படாது. கூ எண்டு குரல் குடுங்க. இல்லாட்டி விசில்."

"ஏன், யானை பேர் எழுதிட்டுப் போய்ப் பொலிசில குடுத்திருமோ?" என்றார் கடைக்காரர்.

"பேரக் கேட்டா அதுவும் மறுகா கூப்பிடப் பழகீரும்."

"எது?"

வழிகாட்டி என் சட்டையின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார். "மூச்சு விட ஏலுமா அக்கா?" என்று மட்டும் கேட்டார்.

பாரம் பார்த்துத்தான் வழிகாட்டி எங்களை உட்கார வைத்தார். அவர் இடப்பக்க ஓரம், அவருடைய கேளாத காது இடது கரையைப் பார்க்க. நான் வலப்பக்கம், ஒரு அடி பின்னால்.

முதல் ஒரு மணித்தியாலம் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. தண்ணீர் பாறையில் மோதி வெள்ளையாகும் இடங்கள் இரண்டு, வழிகாட்டி "குனி, குனி" என்று கத்த, கட்டார்க்காரர் "உம்மா!" என்று கத்த, நான் சிறுபிள்ளைபோல் சிரித்து முழுக்க நனைந்தேன். அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு ஆறு அகலமாகி மெதுவாகியது. இரண்டு கரையிலும் மருத மரங்கள் வேர்களைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு நின்றன. துடுப்பிலிருந்து சொட்டும் துளி விழுவது கேட்டது. அப்போதுதான் கவனித்தேன், வலது கரையில் சில்வண்டு இரைகிறது, இடது கரையில் ஒன்றுமில்லை. நடு ஆற்றில் கோடு கிழித்ததுபோல்.

அவர் சடாரென்று இடப்பக்கம் திரும்பினார். திரும்பி, கரையைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்ல."

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும். இந்த முறை துடுப்பை நிறுத்திவிட்டார். "கூப்பிட்டியா?"

"இல்லையே."

"இந்தப் பக்கம் கேட்டுது." இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

"அந்தக் காதா? அது பென்சன் எடுத்து எவ்வளவு காலம்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்காததைக் கண்டு நானும் சிரிப்பை நிறுத்தினேன். வழிகாட்டி படகை வலது கரைப் பக்கமாக ஒதுக்கினார்.

உச்சி நேரத்தில் ஒரு மணல் திட்டில் சாப்பாட்டுக்கு ஒதுங்கினோம். மிதவைச் சட்டைகளைக் கழற்றிப் போட்டுவிட்டு சோற்றுப் பார்சல்களை விரித்தோம். கடைக்காரர் மச்சானைக் காட்டிக் கதை தொடங்கினார்.

"இவன்ட ராத்தா, என்ட பொண்டாட்டி, அவ கூப்பிட்டா கட்டாருக்கே கேக்கும். பேரும் தேவல்ல, ஒண்டும் தேவல்ல."

"அதுக்குத்தானே மச்சான் நான் அங்க போய்க் கிடக்கன்" என்றார் மற்றவர்.

சிரித்துக்கொண்டிருந்தோம். என் பக்கத்திலிருந்த அவர் கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழும்பிப் போனதை நான் கண்டேன். நான் மீன் முள்ளை எடுத்து முடிப்பதற்குள், வழிகாட்டி தன் பார்சலை மூடி வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

"ஐயா எங்க?"

மணலில் அவருடைய மிதவைச் சட்டை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் செருப்பு, சோடியாக. கால் தடங்கள் ஆற்றை நோக்கிப் போகவில்லை. திட்டின் மறுபக்கம், நாணலுக்குள் போயின.

"ஐயாட பேரென்ன?" கடைக்காரர் என்னிடம் கேட்டார். சத்தம் போட வாயைத் தயாராக வைத்திருந்தார். நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"சொல்லாதீங்க அக்கா" என்றார் வழிகாட்டி. "எனக்கும் சொல்லாதீங்க."

வழிகாட்டி கையைக் குவித்துக் கூ என்று நீளமாகக் குரல் கொடுத்தார். நாங்களும் கொடுத்தோம். பதில் இல்லை. வலது கரைச் சில்வண்டும் நின்றுவிட்டது. அந்த அமைதிக்குள் கட்டார்க்காரர் நாணல் பக்கம் கை நீட்டினார்.

"அந்தா, அந்தப் பக்கம்தான். அக்கா ஐயாவக் கூப்பிடுறாங்க, கேக்குதுதானே..."

சொல்லிக்கொண்டே திரும்பியவர் தனக்குப் பக்கத்தில் என்னைக் கண்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அவருடைய விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. கடைக்காரர் உதட்டுக்குள் ஓதத் தொடங்கினார். எனக்கு அந்தக் குரல் கேட்கவில்லை. இன்றுவரை அதற்கு நன்றி சொல்கிறேனா, ஆத்திரப்படுகிறேனா, தெரியவில்லை.

"கேட்டத வாயால சொல்லாதீங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வழிகாட்டி கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் பின்னால்.

நாணலுக்கு அப்பால் ஒரு ஒடுங்கிய கிளை ஆறு. மரங்கள் மேலே கூடி அடைத்திருந்தன. தண்ணீர் கறுப்பாக நின்றது. அவர் நெஞ்சளவு ஆழத்தில் நின்றார். முகம் ஆறு வரும் திசையைப் பார்க்க, இடது காது அக்கரைக்கு, வலது காது எங்களுக்கு. கேட்கும் காது எங்கள் பக்கம்.

"இஞ்ச பாருங்க!" என்று கத்தினேன்.

அவர் திரும்பவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். ரேடியோவில் செய்தி போகும்போது நான் பேசினால் காட்டுகிற அதே விரல். பொறு. அப்படிக் காட்டிக்கொண்டே அக்கரைப் பக்கமாக ஒரு அடி நகர்ந்தார். தண்ணீர் தோளுக்கு வந்தது.

அவருக்கு நீந்தத் தெரியாது.

வழிகாட்டி என் இடுப்பில் கயிற்றைச் சுற்றினார். முடிச்சை இரண்டு தரம் இழுத்தார். "நான் வந்தா அவர் இன்னும் அங்கால போவார். நீங்க போங்க. கூப்பிடாதீங்க அக்கா, தொடுங்க."

சேறு காலைப் பிடித்தது. தண்ணீர் மேலே சூடு, அடியில் பச்சைக் குளிர். முதலை என்ற நினைப்பு வந்தது, அதைத் தூக்கி எறிய நேரமில்லை, அதையும் இழுத்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போனபோது அவருடைய உதடுகள் அசைவதைக் கண்டேன். ஏதோ ஒரு சொல் வெளியே வருவதற்கு முன் உதடு குவிகிறதே, அப்படி. முகத்தில் பயம் இல்லை. கலியாண வீட்டில் போட்டோவுக்கு நிற்கும்போது இருந்த முகம்.

நான் அவரைச் சுற்றி அந்தப் பக்கமாகப் போய், என் உள்ளங்கையால் அவருடைய இடது காதைப் பொத்தினேன். செத்த காது என்று இத்தனை காலம் நான் நினைத்த அது, சுட்டது. அழுத்திப் பிடித்தேன்.

பஸ்ஸில் தூங்கி வேறு தரிப்பிடத்தில் இறங்கிவிட்டவர்போல் என்னைப் பார்த்தார்.

"நீ இந்தப் பக்கமா நிக்கிறாய்?" என்றார்.

கயிற்றை இழுத்தார்கள். நான் கையை எடுக்கவில்லை. படகில் ஏறும்வரை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அவரை வலப்பக்கம் உட்காரவைத்து, நான் அவருக்கும் இடது கரைக்கும் நடுவில் உட்கார்ந்தேன். யாரும் பகிடி விடவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் அவர் முழுக்க என் பக்கம் திரும்பி, கேட்கும் காதைக் கிட்டக் கொண்டுவந்தார்.

"உன்ட குரல்தான்."

"நான் கூப்பிடல்ல."

"உன்ட குரல்தான் புள்ள. பேர் சொல்லி."

"நான் எப்ப உங்களப் பேர் சொல்லி..."

"ஓம்" என்றார். "அதுதான் போனன்."

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பார்ப்பது.

அது நடந்து ஆறு மாதமாகிறது. அவர் கச்சேரிக்குப் போகிறார், வருகிறார், சாரனும் பேப்பரும். ஒருவருக்கும் நாங்கள் இதைச் சொல்லவில்லை. சில நேரம் குசினி அடுப்படியில் நின்றுகொண்டு அவருடைய பிடரியைப் பார்ப்பேன். பேர் நாக்கின் நுனிக்கு வந்து நிற்கும். தடுப்பது இனிமேல் வெட்கம் இல்லை, மரியாதையும் இல்லை, அவர் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். பயம்தான். என்ன பயம் என்றால், அன்று பின்னேரம் வானடியில் வழிகாட்டி சொன்னதைச் சொல்ல வேண்டும்.

மற்றவர்கள் ஏறிவிட்டார்கள். வழிகாட்டி அவரைத் தோளில் தொட்டு, வலப்பக்கம் வந்து நின்று, மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, பதில் குடுத்தீங்களா?"

அவர் யோசித்தார். "வாயெடுத்தன்."

"சத்தம் வந்ததா?"

"தெரியல்ல" என்றார், உண்மையாகவே தெரியாத முகத்தோடு. வானுக்குள் ஏறிப் போய் உட்கார்ந்தார்.

நான் ஏறக் காலை வைத்தேன். வழிகாட்டி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா, வீட்ட போய், அவர் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கக்குள்ள, ஒருக்காப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க. உங்கட சொந்தக் குரலில."

"கூப்பிட்டா?"

"வலப்பக்கம் திரும்பினாரெண்டா பயமில்ல. போயிட்டு வாங்க."