வேத உறைக்குள் வைத்த பாஸ்போர்ட்

அந்தக் காலையில் என் மருமகள் ஷீலா எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுத அழுகையை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. மலேசியாவில் அவளுடைய அம்மா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இருதயத்தில் அடைப்பு. உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். அப்பா இல்லாத பிள்ளை, அம்மாவுக்கு ஒரே மகள். மறுநாள் காலையில் திருச்சியிலிருந்து போகிற விமானத்தில் மலேசியாவில் இருக்கிற என் மகன் டிக்கெட் போட்டுவிட்டான். டிக்கெட் இருக்கிறது. பாஸ்போர்ட்டைக் காணோம்.

சகோதர சகோதரிகளே, என் ஆண்டவர் எனக்குச் செய்ததை உங்களிடம் சொல்லாமல் இருந்தால் நான் நன்றி கெட்டவள். அதனால் சொல்கிறேன். ராஜபாளையத்தில் ஒரு நூற்பு ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மேடையேறிப் பேசியோ எழுதியோ பழக்கமில்லை. முன்னே பின்னே இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டான். கல்யாணம் அங்கேதான் நடந்தது. போன வருடம் ஆடி மாதம் மாமனார் மாமியாரைப் பார்க்க அவள் முதல்முறையாக இங்கே வந்தாள். மகனுக்கு லீவு கிடைக்காததால் தனியாகத்தான் வந்தாள். எப்படிப்பட்ட பிள்ளையோ, நம் சாப்பாடு பிடிக்குமோ என்று எனக்கு ஒரே பயம். வந்த மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "அத்த, பசியாறிட்டீங்களா?" என்று கேட்டாள். அவர்கள் ஊரில் காலைச் சாப்பாட்டைக் கேட்பது அப்படித்தானாம். அந்த ஒரு வார்த்தையிலேயே நான் விழுந்துவிட்டேன்.

அவளிடம் ஒரு பழக்கம். தெருமுனைக் கடைக்குப் போனாலும் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டுதான் போவாள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தவர். எது எங்கே இருக்க வேண்டும் என்பதில் கறாரான மனிதர்.

"இந்தா பாரும்மா, அதத் தூக்கிக்கிட்டு அலையாத. பீரோவுல வச்சுப் பூட்டு. கையில ஒரு ஜெராக்ஸ் போதும். தொலைஞ்சா அம்புட்டுதான், ஊருக்குப் போக முடியாது" என்றார்.

"இல்ல மாமா, எங்க ஊர்ல ஐசி, அடையாள அட்டை இல்லாம வெளிய போகவே மாட்டோம் லா. போலீஸ் நிறுத்திக் கேட்டா என்ன காட்டுறது? இது எனக்கு வெளிநாடு மாமா" என்றாள்.

எனக்கு அந்தக் கடைசி வார்த்தை சுருக்கென்றது. நம் வீடு அவளுக்கு வெளிநாடு! ஆனால் அவள் சொன்னதும் சரிதானே? நான் அவள் பக்கம் சேர்ந்துகொண்டேன். "அவ பொருள் அவ கைல இருக்கட்டுங்க. திடீர்னு ஒரு லாட்ஜ்ல தங்கணும்னாக்கூட ஒரிஜினல கேப்பான்லா" என்றேன். சரி, எங்கே வைப்பது? கைப்பையில் வைத்தால் பஸ்ஸில் பிளேடு போட்டுவிடுவான். அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். ரொம்பப் புத்திசாலித்தனமான யோசனை என்று எனக்கு நினைப்பு.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் கிறிஸ்துமஸுக்கு எல்லாருக்கும் வேதப் புத்தகத்துக்கு ஜிப் வைத்த உறை கொடுத்தார்கள். அரக்கு நிறம். உள்பக்கம் காணிக்கைக் கவர், மூக்குக்கண்ணாடி வைக்க ஒரு பை இருக்கும். மிச்சமிருந்த ஒன்றை ஷீலாவுக்கு வாங்கி வைத்திருந்தேன். "இதுக்குள்ள வைம்மா. வேதத்த எவன் திருடப் போறான்?" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே வைத்தாள்.

திருடன்தான் எடுக்க வேண்டும் என்று இல்லையே! அது எனக்குத் தோன்றவில்லை.

ஶ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் ஐக்கியத்தைச் சேர்ந்த ஜெயா வீட்டில் உபவாச ஜெபம். இரண்டு ஊர்ப் பெண்களும் கூடுவோம். ஷீலாவையும் கூட்டிக்கொண்டு போனேன். ஜெபம் முடிந்து கஞ்சி குடிக்க உட்காரும்போது எல்லாரும் வேதத்தை ஜன்னலோரக் கட்டிலில் வைத்தோம். அத்தனையும் ஒரே அரக்கு உறை. திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் யார் எதை எடுத்தோம் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்த களைப்பில் ஷீலா படுத்துத் தூங்கிவிட்டாள். விடிந்ததும் மலேசியாவிலிருந்து அந்தப் போன் வந்தது. பாஸ்போர்ட்டை எடுக்க உறையைத் திறந்தால், உள்ளே இருந்தது அவளுடைய வேதமே இல்லை.

அதில் பெயர் எழுதவில்லை. ஒரு கோடு போடவில்லை. ஒரு பக்கம் மடங்கவில்லை. புரட்டினால் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தத் துக்கத்திலும் எனக்கு ஓர் எண்ணம் ஓடியது, ஒளிக்காமல் சொல்கிறேன். திறந்தே பார்க்காத வேதம் உன்னுடையதா என்று நான் யாரிடம் போய்க் கேட்பேன்?

ஐக்கியத்தின் வாட்ஸ்அப் குழுவில் அழுதுகொண்டே பேசி அனுப்பினேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டும் கேட்டேன். எல்லாரும் அவரவர் உறையைத் திறந்து பார்த்துவிட்டு, "எங்களோடது எங்ககிட்டதான்க்கா இருக்கு" என்றார்கள். என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். "எழுதிக் கொடுத்து, சென்னையில தூதரகத்துக்குப் போயி வேற பேப்பர் வாங்கி, பொறவு நாட்டை விட்டுப் போக அனுமதியும் வாங்கணும். எம்புட்டு நாள் ஆகுமோ தெரியல" என்றார். நான் அப்பவே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சொல்லவில்லை. அதுதான் என்னை அறுத்தது.

"அத்த, எங்கம்மா முகத்தப் பாக்கணும் அத்த. நான் போறதுக்குள்ள..." என்று சொல்லி ஷீலா என் மடியில் விழுந்தாள்.

அவளை அணைத்துக்கொண்டு முழங்கால் போட்டேன். நீளமாக ஜெபிக்க எனக்கு வாய் வரவில்லை. "ஆண்டவரே, அது யார் வீட்டில் இருக்கிறதோ எனக்குத் தெரியாது. உமக்குத் தெரியும். அவர்களை அந்த வேதத்தைத் திறக்கப் பண்ணும். இன்றைக்கே திறக்கப் பண்ணும்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். இப்படி ஒரு விண்ணப்பத்தை நான் அதற்கு முன் ஏறெடுத்ததே இல்லை.

எழுந்ததும் கால் தரிக்கவில்லை. அந்தப் புது வேதத்தையும் எடுத்துக்கொண்டு ஷீலாவோடு ஶ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். ஜெயா வீட்டில் கட்டிலைப் புரட்டி, மெத்தையை உதறிப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. ஜெயா நான் கொண்டுபோன வேதத்தைக் கையில் வாங்கிப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"யக்கா, இது நாம ராணியக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததுலா?" என்றாள்.

ராணியக்காவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். பால்கோவா அடுப்புகள் எரிகிற ஒரு சந்தில் தனியாக இருக்கிறவர். ஒரே மகன் பைக் விபத்தில் போய்விட்டான். மூன்று நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்காலில் நின்று ஜெபித்தவர் அவர். மகன் பிழைக்கவில்லை. அடக்கத்தன்று தன் பழைய வேதத்தை மகனின் பெட்டிக்குள் வைத்து, "நீயே வச்சுக்கோ ராசா, எனக்கு இனி வேண்டாம்" என்று சொல்லி மூடிவிட்டார். அதற்குப் பிறகு ஆலயம் இல்லை, ஜெபம் இல்லை. ஐக்கியக் குழுவிலிருந்தும் விலகிவிட்டார். கிறிஸ்துமஸுக்குப் புது வேதமும் உறையும் கொண்டுபோய்க் கொடுத்தபோது வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். உபவாச ஜெபத்துக்கும் ஜெயா கையைப் பிடித்து இழுத்துவந்ததால் வந்தார். வாசலோரம் கடைசியில் உட்கார்ந்திருந்தார். அவர் வந்ததையே நான் மறந்துபோனேன்.

அவரிடம் போய், வேதத்தைத் திறந்து பாருங்கள் என்று எப்படிச் சொல்வது? ஜெயாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஷீலாதான், "யாரா இருந்தாலும் போவோம் அத்த" என்று என் கையைப் பிடித்தாள்.

சந்து முனையில் திரும்பும்போது எதிரே ராணியக்கா வருகிறார். அரக்கு உறையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறார். எங்களைப் பார்த்ததும் வேகமாக வந்து, உள்ளே இருந்த பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினார்.

"ஏம்மா, இது ஒம் படந்தான? நேத்து எம் பக்கத்துல ஒக்காந்து, பசியாறிட்டீங்களான்னு கேட்ட புள்ளதான நீ? இத ஜெயாகிட்ட கொடுக்கத்தான் ஓடியாரேன்" என்றார்.

"எப்படிக்கா திறந்தீங்க?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை. "வாசிக்க ஒண்ணும் திறக்கல. மாத்திர அட்டையில பேரு தெரியல. கண்ணாடி அதுக்குள்ள கெடக்கோன்னு தேடித் திறந்தேன்" என்றார்.

நான் எந்தக் காரணத்துக்காகத் திறக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் சொல்லவில்லை. திறக்க வேண்டும் என்றுதான் கேட்டேன்.

ஷீலா பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்கு ராணியக்காவின் கதை எதுவும் தெரியாது. நடுச்சந்தில் அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, எங்கம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. நீங்க ஒரு ஜெபம் பண்ணி அனுப்புங்க ஆன்ட்டி" என்று கேட்டுவிட்டாள்.

ராணியக்கா தலையைக் குனிந்துகொண்டார். கையை உருவிக்கொண்டு போய்விடுவார் என்றே நினைத்தேன். அவர் போகவில்லை. ஷீலாவின் தலையில் கை வைத்தார்.

"ஆண்டவரே, எங்க வீட்டுல நடந்தது இந்தப் புள்ள வீட்டுல நடக்க வேண்டாம்" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. நாங்கள் நாலு பேரும் அந்தச் சந்திலேயே நின்று அழுதோம். பால்கோவா கிண்டிக்கொண்டிருந்தவர் கரண்டியை வைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தார்.

என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, புகார் எழுத வேண்டாம், கிடைத்துவிட்டது என்றேன். "ஸ்தோத்திரம்" என்றார். அதற்கு முன் அவர் வாய்விட்டு அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றே கார் பிடித்து மருமகளைத் திருச்சிக்கு அவர்தான் கூட்டிப்போனார். வழியெல்லாம் பாஸ்போர்ட் அவர் சட்டைப் பையில். பீரோ, ஜெராக்ஸ் என்ற பேச்சையே எடுக்கவில்லையாம்.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இப்போது என்னிடம் கேட்கிறார்கள், பாஸ்போர்ட்டைக் கூடவே வைத்திருக்கலாமா என்று. என் மனதுக்குப் பட்டது, அந்நிய நாட்டில் கையில் இருப்பதுதான் நல்லது. ஆனால் இறக்கி வைக்கிற எதற்குள்ளும் வைக்காதீர்கள். இடுப்போடு கட்டிக்கொள்ளுங்கள், நகலை வீட்டில் வையுங்கள். என் வீட்டுக்காரர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அது எங்கள் வீட்டு வழக்கு, நடந்துகொண்டே இருக்கும்.

ஷீலா போய்ச் சேர்ந்து, ஆபரேஷனுக்கு முன்னால் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அம்மாவும் மகள் கையைப் பிடித்துக்கொண்டேதான் உள்ளே போனாராம். பிறகு ஒரு மத்தியானம் அவளே பேசினாள். "அத்த, அம்மா கண் முழிச்சிட்டாங்க. என்னப் பாத்து, பசியாறிட்டியான்னு கேட்டாங்க அத்த."

இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடனே பஸ் ஏறி ராணியக்கா வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடியே சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"நெசமாவா? எம் பேச்சையா கேட்டாரு?" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன்.

அன்பானவர்களே, ராணியக்காவின் மகனை ஆண்டவர் ஏன் காப்பாற்றவில்லை என்று என்னைக் கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்ததுபோல நான் பேச மாட்டேன். ஆனால் இதைப் படிக்கிறவர்களில் யாராவது, இனி ஆண்டவரிடம் எனக்குப் பேச்சில்லை என்று இருந்தால், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். உங்களுக்காகக் கேட்க மனம் வரவில்லையென்றால் பக்கத்தில் அழுகிற ஒருவருக்காக ஒரு வரி கேளுங்கள். கோபத்தோடேயே கேளுங்கள். உங்கள் குரல் அவருக்கு மறந்துபோகவில்லை.