இரத்தம் புளித்த நாட்கள்

என் மனைவிக்கு வயிற்றோட்டம் தொடங்கி நான்காம் நாள் காலை அது. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டின் முன்னறைக் கட்டிலில் படுத்தபடியே அவள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கொளுந்துக் கூடையைச் சுமந்து மேடு ஏறி வந்தவள் வாங்குவதுபோல ஆழமான, வேகமான மூச்சு. ஆனால் இரண்டு நாட்களாக அவள் வாசலைக்கூடத் தாண்டவில்லை.

"இழுப்பா?" என்று கேட்டேன்.

"இழுப்பு இல்லீங்க. நெஞ்சும் அடைக்கல. மூச்சு அதுபாட்டுக்குப் போகுது, நிறுத்த முடியல."

நான் தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவன். அவள் பதினெட்டு வயதிலிருந்து கொளுந்து பறித்தவள். மலைச்சரிவில் ஏறி இறங்கியே முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நோவுக்கு அவள் விழுங்கும் குளிசையை மாதம் தவறாமல் பண்டாரவளை டவுனில் வாங்கி வந்தது நான்தான். மருந்துச்சீட்டெல்லாம் கிடையாது. பழைய அட்டையைக் காட்டினால் கொடுப்பார்கள்.

பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்துவிட்டு, "சளி கட்டியிருக்கும் மாஸ்டர், ஆவி புடிங்க" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. வெந்நீர் வைத்து, போர்வையால் மூடி ஆவி பிடிக்க வைத்தேன். மூச்சு இன்னும் வேகமானது. போர்வைக்குள்ளிருந்து அவள் கேட்டாள்:

"பெரட்டுக் கலைஞ்சிருச்சாங்க? எம் பேரு குடுத்தாச்சா?"

காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு அவள் போய்ப் பத்து வருடங்களுக்கு மேலாகிறது. போர்வையை இழுத்தேன். கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவை என்னைப் பார்க்கவில்லை.

திரீவீலரில் பண்டாரவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே சேலைன் ஏற்றி, அம்புலன்ஸில் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வழி முழுக்க நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு வேகமாக ஏறி இறங்கும் நெஞ்சு சட்டென்று நின்றுவிடுமோ என்று பயந்தேன். வளைவுகளில் வண்டி சாயும்போதெல்லாம் அவள் கையை இறுக்கிப் பிடித்தேன். அந்தக் கை திருப்பிப் பிடிக்கவில்லை.

பதுளை வார்ட்டில் இருந்த டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண். என் மகன் வயதுதான் இருக்கும். என் மனைவியின் மணிக்கட்டு நாடியில் ஊசியைக் குத்தி இரத்தம் எடுத்தார். சிறிது நேரத்தில் ஒரு துண்டுக் கடதாசியோடு திரும்பி வந்தார்.

"ஐயா, அம்மான்ர ரத்தத்தில அசிட் கூடிப்போச்சு."

"ஆமாங்க டொக்டர், அவளுக்கு கேஸ்ட்ரிக் ரொம்ப நாளா இருக்கு" என்றேன்.

"அது வயித்தில இருக்கிற அசிட். நான் சொல்லுறது ரத்தத்தில. அவ என்ன குளிசை பாவிக்கிறவ?"

"பிரஷர் குளிசைங்க."

"வேற? நோவுக்கு ஏதும் போடுறவவோ?"

சட்டைப்பையில் அந்த அட்டை இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவர் பெயரை வாசித்தார். முகத்தில் கோபமில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"வயித்தாலை போன நாளுகளிலயும் இதைக் குடுத்தனீங்களோ?"

"கால் வலிக்குதுன்னு அழுதாளுங்க. குடுத்தேன்."

நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். பிறகு நிதானமாக விளக்கினார். நாம் சாப்பிடுவதிலிருந்தும் உடம்பு வேலை செய்வதிலிருந்தும் தினமும் அமிலம் உண்டாகிறது. அதில் ஒரு பங்கை மூச்சு வெளியேற்றுகிறது. மிச்சத்தைச் சிறுநீரில் கழித்துவிட்டு, அமிலத்தைத் தணிக்கும் காரத்தை இரத்தத்துக்குத் திருப்பிக் கொடுப்பது சிறுநீரகம்.

"வயசு போகப் போக எல்லாருக்கும் கிட்னியின்ர சக்தி கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். சும்மா இருக்கிற நாளில அது தெரியாது, சமாளிச்சுக்கொண்டு போகும். இப்படி ஒரு வருத்தம் வந்தாத்தான் கையில மிச்சம் ஒண்டும் இல்லையெண்டு தெரியும். வயித்தாலை போகேக்க காரமும் தண்ணியும் சேர்ந்து போயிட்டுது. நோவுக் குளிசை கிட்னிக்குப் போற ரத்தத்தையும் குறைச்சுப்போட்டுது."

"அப்ப இந்த மூச்சு?"

"கிட்னி செய்யாத வேலையையும் சேர்த்து நெஞ்சு செய்யுது. கனநேரம் அதால ஏலாது."

பின்னேரத்துக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் இரத்தம் சுத்திகரிக்கும் மெஷினில் போட வேண்டி வரும் என்றார்.

மருந்தும் சேலைனும் ஏறிக்கொண்டிருந்தன. கட்டிலின் கீழே சிறுநீர்ப் பை தொங்கியது. அதன் அடியில் தேயிலைச் சாயம்போலக் கொஞ்சம் கறுத்த நீர், அவ்வளவுதான். குழாயில் ஒன்றும் ஓடவில்லை. அந்தப் பையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொழும்பிலிருக்கும் மகனுக்குப் போன் எடுக்கக் கை வரவில்லை. அம்மாவுக்கு என்ன என்று கேட்டால், நான் வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய பயம் ஒன்றிருந்தது. வாய்விட்டுச் சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல ஒரு பயம். பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த சிங்கள அம்மா ஒருவர் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அதைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டேன்.

நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் போய், வார்ட்டு அடங்கிய வேளையில் குழாயில் ஒரு சொட்டு நகர்ந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று குனிந்து பார்த்தேன். இன்னொரு சொட்டு. நர்ஸைக் கூப்பிட்டேன். அவர் பையைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் மகனுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன், "நான் வாறேன்பா" என்று மட்டும் சொன்னான்.

மெஷின் தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் மூச்சு சீரானது. அவள் கண் விழித்து, "ஏங்க ஷேவ் எடுக்கல?" என்று கேட்டாள். நான் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். ஆனால் சிறுநீரகம் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. காரம் சேர்க்கும் சோடாக் குளிசையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எலுமிச்சை, புளி, ஊறுகாய் எல்லாவற்றையும் ஒளித்துவைத்தேன். புளிப்புத்தானே அமிலம் என்று நினைத்தேன். புளியில்லாத குழம்பை இரண்டு வாரம் சாப்பிட்டு வெறுத்துப்போன அவள், கிளினிக்கில் டொக்டரிடமே முறையிட்டுவிட்டாள்.

"ரத்தத்தில அசிட் கூடினது எலுமிச்சம்பழத்தால இல்லை ஐயா" என்று டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்களுக்கு என்ன வயசு?" என்றார்.

"அறுபத்தொன்பதுங்க."

"நீங்களும் ஒருக்கா ரத்தம் பாருங்கோ."

சரியென்றேன். செய்யவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒரு சாக்கு வைத்திருந்தேன். படிப்பித்த காலத்தில் எனக்கும் தலைவலிக்கு அதே மாதிரிக் குளிசைகள் பழக்கமாக இருந்தன. கடதாசியில் என்ன எழுதியிருக்குமோ என்று பயந்தேன்.

பிறகு மழைக்காலத்தில் ஒரு காலை அவள் ஒருமுறை வாந்தி எடுத்தாள். ஒரே ஒருமுறைதான். செருப்புப் போடக்கூட விடாமல் அவளைத் திரீவீலரில் ஏற்றினேன். பதுளையில் இரத்தம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. வெறுங்காலோடு வராந்தாவில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து அவள் என்னைப் பார்த்தாள்.

"எனக்காக இவ்வளவு பயப்படுறீங்க. உங்க ரத்தத்த பாத்தாச்சா?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன்.

"எந்திரிங்க" என்றாள்.

வரிசையில் என் பின்னாலேயே வந்து நின்றாள். ஊசி குத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது நான்தான். முடிவு வந்தபோது டொக்டர் கடதாசியை மெதுவாக வாசித்தார். வயதுக்கேற்ற குறைவு இருக்கிறது, அதற்குமேல் ஒன்றுமில்லை, நோவுக் குளிசை வேண்டாம், வாந்தியோ பேதியோ வந்தால் வீட்டில் வைத்திருக்காமல் உடனே வர வேண்டும் என்றார்.

பண்டாரவளை பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனாள். வயதுக்கேற்ற குறைவு என்ற சொல்லைத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று சமாளிக்கும் இரண்டு உடம்புகள் அந்த இருக்கையில் இருந்தன. அதற்குமேல் எங்களுக்கு யாரும் உறுதி தரவில்லை.