மிரேய் விழுந்ததற்கு நான் பொறுப்பில்லை

ஐஸ் ஹாக்கிச் சப்பாத்தின் அடியில் இருக்கும் பிளேட்டைத் தீட்டுகிறவனை, ஆட்டம் வென்றால் யாரும் நினைப்பதில்லை. ஆள் விழுந்தால்தான் தேடி வருவார்கள். என்னை முதலில் குற்றம் சொன்னவள் மிரேய். பிரெஞ்சு பேசும் சென்ட் லோரன்டில் எங்கள் ஐஸ் அரங்கின் முதல் பெண்கள் அணிக்குத் தலைவி. என்னைப் போல மேசைக்குப் பின்னால் நின்று பேச்சு வாங்கியவர்களே, நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

வெண்ணெய்

இரண்டு கிழமையில் மாகாண அணிக்கு ஆள் எடுக்க இருந்தார்கள். எங்கள் அரங்கிலிருந்து ஒரு பெண்ணும் அதுவரை அங்கே போனதில்லை. அந்த நேரம் பார்த்து மிரேய் திரும்பும் இடமெல்லாம் வழுக்கி விழுந்தாள். நான் பிளேட்டை நகத்தில் இழுத்துப் பார்த்து, நகம் சீவினால்தான் கையில் கொடுப்பேன். அவள் சப்பாத்தை என் மேசையில் போட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "நீ பிளேட் தீட்டுகிறாயா, வெண்ணெய் தடவுகிறாயா?"

மணல்

நான் தீட்டிக் கொடுத்த ஆண்கள் ஒருவரும் விழவில்லை. அதனால் அவள் நடக்கும் வழியைப் போய்ப் பார்த்தேன். ஆண்களுக்கு நல்ல அறைகள். பெண்கள் உடை மாற்றுவது சாமான் அறையில். வாசல் படியில் ஐஸ் பிடித்தால் தூவும் மணல் மூட்டைகளும் அங்கேதான். தரை ரப்பர் முழுக்க மணல். பத்து அடி நடந்தாலே கூர் போய்விடும். காலையில் அந்த மூட்டையை மணல் சிந்தச் சிந்த இழுத்துப் போகிறவன் நான்தான். அதை மிரேய்க்குச் சொல்லத் தேவை வரவில்லை. பெண்களுக்கு வேறு அறை கேட்டேன். முகாமையாளர் சிரித்தார்: "மார்ச்சில் ஆட்டப் பருவம் முடியும் வரைக்குமாவது விளையாடுவார்களா, பார்ப்போம்."

விரிப்பு

பிறகு ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் நானே அந்த அறையைக் கூட்டினேன். ஆண்கள் பக்கத்து ரப்பர் விரிப்பைச் சுருட்டி வந்து ஐஸ் வரை விரித்தேன். ஐஸை மட்டமாக்கும் வண்டி ஓட்டும் மன்னார் அந்தோனி அண்ணை பார்த்துக்கொண்டு நின்றார்.

"உன்னைப் பேசினவளுக்கோ விரிக்கிறாய்?"

"அவள் விழுந்தா என்ர பேரெல்லோ கெடும், அண்ணை."

"ஓம், ஓம். என்ர கலியாணத்துக்கும் ஒருத்தரும் இப்பிடி விரிக்கேல்லையடா!"

கேக்

மிரேய் ஒரு தடவையும் விழாமல் ஆடி, மாகாண அணிக்குத் தெரிவானாள். அரங்கில் கேக் வெட்டினார்கள். பயிற்சியாளருக்கு மெர்சி என்று நன்றி, அந்தோனி அண்ணைக்கு மெர்சி, அந்த முகாமையாளருக்குக்கூட மெர்சி. கடைசியில் என் மேசைக்கு வந்தாள். நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்து நின்றேன். அவள் சப்பாத்தை நீட்டினாள்: "ஒருவழியாகத் தீட்டப் பழகிவிட்டாய், இனி இதை வேறு யாரிடமும் கொடுக்க மாட்டேன்."

நாட்டு அணி வரை போய் வந்தாள், இப்போது தான் பழக்கும் பிள்ளைகளின் சப்பாத்தையும் என்னிடமே அனுப்புகிறாள், அந்த ஒரு மன்னிப்பை மட்டும் இன்னும் அனுப்பவில்லை.